எண்ணியவர்களும் எண்ணப்பட்டவர்களும்

ஈப்போ நகரின் ஒதுக்குப்புறத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். 35 ஆண்டுகளைச் சுண்ணாம்புக் கட்டியோடும் கரும்பலகையோடும் கழித்த அவருக்கு, ஓய்வுக்காலத்தில் வந்து சேர்ந்த வேலை சற்று விந்தையானது. அவர் முன்பு பணியாற்றிய பள்ளியின் நூலகத்துக்காக, ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் படிப்பதற்கென்று, போர்க்காலத்து வேவுப்படைகளைப் பற்றித் தமிழில் ஒரு சிறுநூல் எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார்கள். நாற்பது பக்கங்கள், பெரிய எழுத்து. கற்பனைக் கதையாக இருத்தல் கூடாது. உலகில் உண்மையாக நடந்ததாகவே இருத்தல் வேண்டும்.

அந்த வேண்டுகோளுக்குக் காரணம் உண்டு. நூலகத்தில் இத்தகைய ஆங்கில நூல்கள் ஒரு வரிசையே இருந்தது. பளபளக்கும் தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். பையன்கள் போட்டியிட்டுக்கொண்டு அவற்றை எடுத்துச் செல்வார்கள். மறுநாளே திருப்பித் தந்துவிடுவார்கள். படத்தைப் பார்த்தார்களேயன்றி எழுத்தைப் படிக்கவில்லை. அதே பொருள் தாய்மொழியில் இருந்தால் படிப்பார்கள் அல்லவா என்பது நூலகப் பொறுப்பாளரின் எண்ணம். ஆசிரியரோ உடனே இணங்கவில்லை. போரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்றார். அது முழு உண்மையன்று என்பது அவருக்கே தெரியும். ஆயினும், அவ்வரிசை நூல்களில் மூன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தலையணைக்கடியில் வைத்திருந்த பேரன், "நீங்களே எழுதுங்கள் தாத்தா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொன்ன பிறகு, மறுக்க வழியில்லாமற் போயிற்று.

முதலில் பேரனின் மூன்று நூல்களையும் வாங்கிப் படித்தார். முகத்திலே கறுப்புச் சாயம் பூசிய வீரர்கள். வானூர்தியிலிருந்து குதிக்கும் வீரர்கள். தோளில் சுமந்த பொதியின் எடை, கையில் பிடித்த துப்பாக்கியின் நீளம், அது சுடும் தொலைவு. எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. ஆனால் ஒன்றே ஒன்று இல்லை. வேவுப்படை என்பது எதற்காக? பார்ப்பதற்காக. பார்த்ததை வந்து சொல்வதற்காக. அந்த வீரர்கள் எதைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், பார்த்ததை யாரிடம் சொன்னார்கள் என்ற செய்தி மூன்று நூல்களில் ஒன்றிலுமே இல்லை. கண்ணைப் பற்றிய நூலில் கண்ணைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் இருந்தன என்று அவர் தம் நண்பரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

தமிழ் படித்தவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றியதில் வியப்பில்லை. வேவு பார்ப்பதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு தனித் தொழிலாக மதித்திருக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வெட்சித் திணையிலே, முன்னே சென்று ஒற்றி வருவதற்கு 'வேய்' என்று ஒரு துறையே வகுத்தார் தொல்காப்பியர். திருவள்ளுவரோ ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே வாளும் இல்லை, வேலும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் தனித்தனியே சொல்வது ஒத்திருந்தால்தான் அதனை உண்மை என்று ஏற்கவேண்டும் என்கிறார். ஒற்றனின் வீரத்தை அளப்பதைவிட அவன் கொண்டுவரும் செய்தியின் உண்மையை அளப்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. தம் சிறுநூலுக்கும் இதுவே அடித்தளம் என்று ஆசிரியர் முடிவு செய்தார்.

எழுதுவதற்கு அவர் தேர்ந்துகொண்டது, இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்காவில் இயங்கிய ஆங்கிலேய வேவுப்படையை. லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்பது அதன் பெயர். நெடுந்தொலைப் பாலைவனக் குழு என்று அவர் தமிழாக்கினார். அதனை அமைத்தவர் ரால்ப் பாக்னால்டு என்னும் அதிகாரி. 1920களிலும் 1930களிலும் அவர் விடுமுறை கிடைத்த போதெல்லாம் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களில் ஏறி, வரைபடத்தில் வெறுமையாகக் கிடந்த லிபியப் பாலைவனத்துக்குள் சென்று வந்தவர். 1939இல் அவர் சென்ற கப்பல் நடுநிலக்கடலில் மற்றொரு கப்பலோடு மோதிப் பழுதடைய, எகிப்தில் இறங்க நேர்ந்தது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியர் கையில் இருந்தது. எகிப்துக்குத் தெற்கே, ஆளில்லாத மணற்கடல் வழியாகப் பகைவர் வந்தால் அறிவது எவ்வாறு என்ற கேள்விக்குப் படைத்தலைவர் வேவலிடம் விடை இல்லை. பாக்னால்டிடம் இருந்தது. ஆறே வாரத்தில் ஒரு சிறு படையைத் திரட்ட அவருக்கு அனுமதி கிடைத்தது.

முதலில் சேர்ந்த தொண்டர்களிற் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள், பண்ணைகளில் வளர்ந்தவர்கள், கெட்டுப்போன இயந்திரத்தைத் தாமே பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். பிற்பாடு 1942இல் இந்தியப் படைவீரர்களைக் கொண்ட ஒரு பிரிவும் அவர்களோடு இணைந்து பணியாற்றியது. அவர்கள் ஏறிச் சென்றவை கவச வண்டிகள் அல்ல. கதவும் முன்கண்ணாடியும் கழற்றப்பட்ட செவர்லே லாரிகள்.

இந்தப் பகுதியை எழுதும்போது ஆசிரியருக்கு மகிழ்ச்சி பெருகிற்று. ஏனெனில் இது வகுப்பறைப் பாடம். காந்த ஊசியை லாரியில் வைத்தால் வண்டியின் இரும்பு அதனைத் திசை தப்பச் செய்துவிடும். ஆகவே பாக்னால்டு கதிரவனைத் துணைக்கொண்டார். ஒரு வட்டத் தட்டின் நடுவே மெல்லிய கம்பி செங்குத்தாக நிற்கும். அதன் நிழல் தட்டிலுள்ள பாகைக் கோடுகளின் மேல் விழும். கதிரவன் நகர நகரத் தட்டைத் திருத்திக்கொண்டு, நிழலைக் குறித்த கோட்டிலேயே விழச் செய்து ஓட்டினால் வண்டி நேரே செல்லும். இரவில் நிறுத்தி, கருவி கொண்டு விண்மீன்களின் உயரத்தை அளந்து, தாங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். இயந்திரத்தின் சூட்டில் ரேடியேட்டர் நீர் ஆவியானால் அதனையும் வீணாக்காமல், குழாய்வழியே ஒரு கலத்துக்குள் செலுத்திக் குளிரவைத்து மீண்டும் பயன்படுத்தினார்கள். மணலிற் சக்கரம் புதைந்தால் டயரின் காற்றைக் குறைத்தார்கள். எஃகுத் தகடுகளைச் சக்கரத்தின்கீழ் இட்டு வண்டியை மீட்டார்கள். துப்பாக்கியின் நீளத்தை அறிவதைவிட இவற்றை அறிவது ஒரு சிறுவனுக்கு நன்மை தரும் அல்லவா?

இன்னொன்றும் அவர் எழுதினார். காற்று மணலை எவ்வாறு நகர்த்துகிறது என்று பாலைவனத்தில் கண்டதையும் சோதனைக் கூடத்தில் அளந்ததையும் சேர்த்து, 1941இல் பாக்னால்டு ஓர் அறிவியல் நூலை வெளியிட்டார். அந்நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி என்னும் ஆய்வூர்தி 2015ஆம் ஆண்டின் இறுதியில் அணுகி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். படையோடு முடிந்துவிடாமல், பார்க்கும் பழக்கம் ஒரு மனிதரை எவ்வளவு தொலைவுக்குக் கொண்டு சென்றது!

நூலின் நடுப்பகுதி, அக்குழுவின் மிகப் பெரிய பணியாகிய சாலைக் காவலைப் பற்றியது. 1942 மார்ச்சு மாதத் தொடக்கத்திலிருந்து ஜூலை மாதப் பிற்பகுதி வரை, ஏறத்தாழ நான்கரை மாதங்கள், திரிப்போலியிலிருந்து பெங்காசிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையை அவர்கள் இரவு பகலாகக் கண்காணித்தார்கள். இடமோ போர்முனைக்குப் பல நூறு மைல் பின்னால், பகைவரின் நிலத்துக்குள். லாரிகளைச் சில மைல் தொலைவில் ஒரு பள்ளத்தில் மறைத்துவிட்டு, விடியுமுன் இருவர் மட்டும் சாலையோரம் நடந்து சென்று, சில நூறு கஜத்துக்கு அப்பால் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். மறைவதற்குப் பெரும்பாலும் முழங்கால் அளவுச் செடிகள்தாம். கையில் தொலைநோக்கி, குறிப்பேடு, வண்டிகளின் படங்கள். எத்தனை டாங்கிகள், எத்தனை பீரங்கிகள், எத்தனை லாரிகள், எத்திசையில், எந்நேரத்தில், ஒவ்வொன்றையும் எழுதுவார்கள். இருட்டியபின் சாலைக்கு மிக அருகே தவழ்ந்து சென்று, ஒலியைக் கொண்டும் நிழலுருவைக் கொண்டும் எண்ணுவார்கள். மறுநாள் வேறு இருவர் வந்து மாற்றும்வரை தலை நிமிரக்கூடாது. கையில் ஆயுதம் இருந்தும் சுடக்கூடாது. ஒரு குண்டு வெடித்தால் நான்கரை மாத உழைப்பும் அன்றே பாழாகும். இப்படி எடுத்த கணக்குத்தான் கம்பியில்லாத் தந்தி வழியாகத் தலைமையகத்துக்குச் சென்று, வேறு வழிகளில் வந்த செய்திகளோடு ஒப்பிடப்பட்டது. வள்ளுவர் கேட்ட மூன்று ஒற்றர்களில் இவர்கள் ஒருவர் ஆனார்கள்.

எழுதிய பகுதியைப் பேரனிடம் படித்துக் காட்டினார். அவன் முகம் வாடிப் போயிற்று. "இவ்வளவுதானா தாத்தா? சும்மா படுத்துக் கிடந்து எண்ணினார்களா? இதில் என்ன வீரம்?"

ஆசிரியர் மறுமொழி சொல்லவில்லை. ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தையும் பென்சிலையும் அவன் கையில் கொடுத்து, வீட்டு முன்வாசலில் பெருஞ்சாலையைப் பார்க்கும்படி அமர வைத்தார். ஒரு மணி நேரம். லாரி, கார், மோட்டார் சைக்கிள், பேருந்து. எது, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு. வேறொன்றும் இல்லை.

பத்து நிமிடம் உற்சாகமாக இருந்தது. இருபதாவது நிமிடத்தில் காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தான். அரைமணியில் கொசு கடித்தது. ஒரு மணி நேரம் முடிந்ததும் கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அழகான கணக்கு, கோடு போட்டு, நிமிட வாரியாக எழுதியிருந்தான். ஆசிரியர் அதனை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, ஓர் இடத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "இந்தப் பத்து நிமிடத்தில் எழுதியது நீ பார்த்ததா, நினைத்ததா?"

பேரன் தலை குனிந்தான். அந்தப் பத்து நிமிடமும் சமையலறைக்குச் சென்று மைலோ குடித்துக்கொண்டிருந்தவன், விட்ட இடத்தை முன்பின் கணக்கைப் பார்த்து நிரப்பிவிட்டான். இரண்டு வரியில் லாரிகள் அச்சடித்தாற்போல் ஒரே எண்ணிக்கையில் வந்திருந்தன. உண்மை அவ்வளவு ஒழுங்காக வராது என்பது வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டு கணக்குத் திருத்தியவருக்குத் தெரியாதா?

"அந்தப் பாலைவனத்தில் படுத்திருந்தவனும் இப்படி நிரப்பியிருந்தால், அதை நம்பிப் புறப்பட்ட படை என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். "பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். அதுதான் வீரம், கண்ணு."

பேரன் அந்தப் பத்து நிமிடத்தையும் அழித்துவிட்டு, அங்கே ஒரு கோடு போட்டான். அதன்பிறகு அவன் நூலைப் பற்றிக் குறை சொல்லவில்லை. மாறாக, மேலும் கேட்கத் தொடங்கினான்.

அவனுக்காக ஆசிரியர் வேறு இரண்டு செய்திகளையும் சேர்த்தார். ஒன்று, நால்வர் நடந்த நடை. 1941 ஜனவரி 31ஆம் நாள், ஜெபல் ஷெரிப் என்னுமிடத்தில் அக்குழுவின் ஒரு பிரிவு இத்தாலியப் படையிடமும் வானூர்திகளிடமும் சிக்கியது. தலைவர் காயமுற்றுச் சிறைப்பட்டார். வண்டியை இழந்த மூர் என்ற வீரரும் மூன்று தோழர்களும் சரணடைய மறுத்து, இரண்டு கேலனுக்கும் குறைவான தண்ணீரோடு தெற்கு நோக்கி நடந்தார்கள். மூரின் காலிலே காயம். பத்து நாள், இருநூறு மைலுக்கு மேல். கடைசியில் பிரெஞ்சு வீரர்கள் அவர்களைக் கண்டெடுத்தபோது, நால்வரில் ஒருவராகிய ஈஸ்டன் பிழைக்கவில்லை. ஆங்கில நூல்கள் இதனை வெற்றிக்கதையாகச் சொல்லும். ஆசிரியர் ஈஸ்டனின் பெயரை மூரின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதினார்.

மற்றொன்று, பார்க்கப் பிறந்த படையைத் தாக்க அனுப்பியதால் வந்த இழப்பு. 1943இல் பாலைவனப் போர் முடிந்தபின், அக்குழு ஏஜியன் கடல் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் லெவிதா என்ற சிறு தீவைத் தாக்கிக் கைப்பற்றுமாறு அவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேரை இறக்கினார்கள். அங்கிருந்த பகைவரின் வலிமையை முன்னதாகச் சரியாக ஒற்றி அறியவில்லை. சென்றவர்களிற் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். மற்றவருக்காக ஒற்றி அறிந்து கொடுத்தவர்களுக்கு, தங்களுக்கென ஒற்றி அறிந்து சொல்ல ஒருவர் இல்லாமற் போனார். அடுத்த மாதம் லெரோஸ் தீவிலே அவர்களின் தலைவர் ஈசன்சுமித்தும் உயிரிழந்தார்.

கையெழுத்துப்படி ஏறத்தாழ முடிந்துவிட்டது என்றிருந்த ஒரு மாலையில், பேரன் ஒரு கேள்வி கேட்டான். "கணக்கு அனுப்பினார்களே தாத்தா, அனுப்பிய பிறகு அந்த லாரிகள் என்ன ஆயின?"

"சில தப்பிப் போயிருக்கும். சிலவற்றின்மேல் குண்டு விழுந்திருக்கும்."

"அவற்றுள்ளே ஆட்கள் இருந்தார்களா?"

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். போரைப் பற்றிச் சொல்லத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று அன்று சொன்னாரே, அந்தப் பொய் இப்போது எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருடைய தந்தையார் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943இல் ஜப்பானியர் ஆட்சியின்போது லயத்திலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்த பின்னும், பலரை ஊருக்கு விடவில்லை; பாதையைப் பழுதுபார்ப்பதற்காக அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதையையும் பாலங்களையும் நேசநாட்டு வானூர்திகள் 1944, 1945ஆம் ஆண்டுகளில் குண்டு வீசித் தாக்கின. குண்டுக்கு ஜப்பானியர் யார், கைதி யார், தமிழ்க்கூலி யார் என்று தெரியாது.

திரும்பி வந்த தந்தையார் அதைப்பற்றிப் பேசியது மிகக் குறைவு. பேசிய சிலவற்றில் ஒன்று மகனின் நெஞ்சில் நின்றுவிட்டது. முதலில் ஒற்றை வானூர்தி வருமாம். மிக உயரத்தில் வட்டமிடும், குண்டு போடாது, படம் பிடித்துக்கொண்டு போய்விடும். குண்டு போடுபவை அதற்குச் சில நாள் கழித்துத்தான் வரும். "குண்டு போடுகிற வானூர்தியைக் கண்டால் ஓடிப் பதுங்குவோம். அந்த ஒற்றை வானூர்தியைக் கண்டால்தான் உள்ளுக்குள் நடுங்கும். நம்மை எண்ணிக்கொண்டு போகிறானே என்று" என்பாராம்.

அன்றிரவு ஆசிரியர் உறங்கவில்லை. நாற்பது பக்கங்களும் எண்ணியவர்களின் பக்கமாகவே எழுதப்பட்டிருந்தன. அவர்களின் பொறுமை உண்மை, நேர்மை உண்மை, தாகமும் சாவும் உண்மை. நாஜிகளோடும் பாசிஸ்டுகளோடும் நடந்த அந்தப் போரிலே அவர்கள் நின்ற பக்கத்தைப் பற்றியும் அவருக்கு ஐயமில்லை. சயாமில் குண்டு வீசியவர்களும், தம் தந்தையை விலங்குபோல் நடத்தியவர்களை வீழ்த்துவதற்காகவே வந்தவர்கள். எனினும் எண்ணப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. குறிப்பேட்டில் ஒரு கோடாக நிற்கும் லாரியிலே வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு ஒருவன் இருந்திருப்பான். படத்தில் ஒரு புள்ளியாக விழுந்த உருவம், ஈப்போவில் ஒரு மகனுக்குப் பிற்காலத்தில் தந்தையாக வேண்டியவராக இருக்கலாம். இதைச் சொல்லாத நூல், தாம் குறை கூறிய அந்த ஆங்கில நூல்களைவிட எந்த வகையில் மேலானது? பார்க்காத பத்து நிமிடத்தை நிரப்பியதற்காகப் பேரனைக் கண்டித்தவர், பார்த்ததைச் சொல்லாமல் விடுவது மட்டும் நேர்மையாகுமா?

மறுநாள் கடைசியாக ஓர் இயலை எழுதிச் சேர்த்தார். இரண்டே பக்கம். உயரத்தில் வட்டமிட்ட ஒற்றை வானூர்தியையும், அதனை அண்ணாந்து பார்த்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியையும் பற்றியது. தந்தையின் பெயரை எழுதவில்லை; அவரைப் போன்றவர்களுக்கு எந்தக் குறிப்பேட்டிலும் பெயர் இல்லை என்று மட்டும் எழுதினார்.

கையெழுத்துப்படியைப் பார்வையிட்ட பள்ளிக் குழுவில் ஒருவர், கடைசி இயல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் ஆவலாகப் படிக்கும் நூலின் முடிவில் துயரத்தை ஏன் வைக்கவேண்டும் என்பது அவர் வாதம். தவறான எண்ணமுடையவர் அல்லர் அவர். பிள்ளைகள் மனம் நோகக்கூடாதே என்று அஞ்சியவர். ஆசிரியர் வாதாடவில்லை. "இந்தக் கேள்வியை நான் எழுப்பவில்லை, பதினோரு வயதுப் பையன் எழுப்பினான். கேட்கத் தெரிந்தவனுக்குத் தாங்கவும் தெரியும்" என்று மட்டும் சொன்னார். நெடுநேரப் பேச்சுக்குப் பின் இயல் நிலைத்தது. நூலின் அட்டையில் மட்டும் ஒரு துப்பாக்கிப் படம் இருக்கட்டும், இல்லையென்றால் பையன்கள் கையில் எடுக்கமாட்டார்கள் என்றார்கள். அவர் அதற்குச் சிரித்துக்கொண்டே இசைந்தார். அட்டையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

வீரத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. கண்டதைக் கண்டபடி சொல்வதும், காணாததைக் காணவில்லை என்பதும் வீரமே என்று காட்டினால் போதும். அதனோடு, எண்ணிக்கைக்குள் மனிதர் இருக்கிறார்கள் என்பதையும் மெல்லச் சொல்லி வைத்தால், அந்தப் பிள்ளை வளர்ந்து படைவீரனானாலும் சரி, கணக்கனானாலும் சரி, பழுதில்லாத கண்ணோடு உலகைப் பார்ப்பான்.

அந்தப் பழைய பயிற்சிப் புத்தகம் இன்னும் அவர் மேசையில் இருக்கிறது. பேரன் அதில் மேலும் சில நாள் சாலையை எண்ணி எழுதியிருக்கிறான். கடைசிப் பக்கத்திலே, ஒரு பேருந்துக்கு நேராக, யாரும் சொல்லாமல் அவனே எழுதிய குறிப்பு ஒன்று உண்டு: உள்ளே ஏழு பேர், ஒருவர் தூங்குகிறார்.